வேலூர்ப் பக்கம் பிள்ளைகள் எங்கே, எப்படி விளையாடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் சுற்றுவட்டாரத்துப் பெற்றோர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

பள்ளி விட்டு வந்ததும் பையன் போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறான். எவ்வளவு கண்டித்தும் கேட்பதில்லை. என்ன செய்ய?

முதலில் வாசலுக்கு வந்து தெருவைப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு அவன் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள்? ஒருவரும் இல்லையென்றால் கோளாறு பையனிடம் இல்லை, தெருவில் இருக்கிறது.

எட்டு வயதுப் பிள்ளை தனியாகப் போய்வரக்கூடிய உலகம் வீட்டு வாசலிலிருந்து 200, மிஞ்சினால் 300 மீட்டர். அதற்குள் நான்கு விஷயம் வேண்டும்: நிழல், கூட்டாளி, வண்டி வராத ஒரு துண்டு இடம், திண்ணையிலோ கடையிலோ உட்கார்ந்து ஒரு கண் வைத்திருக்கும் பெரியவர். நான்கில் ஒன்று குறைந்தாலும் பிள்ளை வீட்டுக்குள் திரும்பிவிடும். உள்ளே அதற்காகக் காத்திருப்பது போன்தான். போனைப் பிடுங்குவதற்கு முன்னால் எது குறைகிறது என்று கண்டுபிடியுங்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த நான்கைச் சுற்றித்தான்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிள்ளையை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பின்னால் போங்கள். மூன்று முறை போக வேண்டும்: பள்ளி நாளில் மாலை 4.30-க்கு, அதே நாள் 6 மணிக்கு, ஞாயிறு காலை 7 மணிக்கு. அவன் எங்கே வேகத்தைக் குறைக்கிறான், எங்கே சுவரோரம் ஒதுங்குகிறான், எந்த வீட்டைக் கடக்கும்போது ஓடுகிறான் என்று பாருங்கள். ஓடினால் அந்த வீட்டில் நாய் இருக்கும். ஒதுங்கினால் அங்கே பைக்குகள் வேகமாகத் திரும்பும். கேட்டால் சொல்லத் தெரியாததைக் கால் சொல்லிவிடும்.

பிறகு ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்று கடந்துபோகும் வண்டிகளை எண்ணுங்கள். பத்துக்குள் இருந்தால் தெருவிலேயே விளையாடலாம். இருபதைத் தாண்டினால் பந்து விளையாட்டை அங்கே நினைக்காதீர்கள். இது எங்கள் அனுபவக் கணக்கு, சட்டம் அல்ல. பந்தின் பின்னால் ஓடும் பிள்ளை வண்டியைப் பார்க்காது என்பதால் கணக்கைக் கறாராகவே வைத்திருக்கிறோம்.

வேலூர் வெயிலில் எத்தனை மணிக்கு வெளியே விடலாம்?

பலரும் "ஐந்து மணிக்கு மேல்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து இது மாறும்.

தெரு தெற்கு வடக்காக ஓடினால் உங்களுக்கு யோகம். மேற்குப் பக்க வீடுகளின் நிழல் பிற்பகலில் தெருவில் விழும். மே மாதத்தில் வேலூரில் உச்சிப்பொழுது சுமார் 12.10-க்கு. பிற்பகல் 3.15 வாக்கில் சூரியன் 45 பாகைக்கு இறங்குகிறது. அப்போது எந்தச் சுவரின் நிழலும் அதன் உயரத்துக்குச் சமமாக இருக்கும். மேற்கே ஆறரை மீட்டர் உயரத்தில் மாடி வீடு இருந்தால் ஆறு மீட்டர் அகலத் தெரு முழுதும் மூன்றரை மணிக்கே நிழலுக்குள் வந்துவிடும். ஓட்டு வீடாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

தெரு கிழக்கு மேற்காக ஓடினால் சாயங்கால வெயில் நீளவாக்கில் நேராக முகத்தில் அடிக்கும், வீடுகள் எவ்வளவு உயரமாக இருந்தாலும். அங்கே மரம் ஒன்றுதான் வழி. அதுவரை பக்கத்துக் குறுக்குத் தெருவைப் பிடியுங்கள்.

நிழல் விழுந்ததும் தரை ஆறிவிடாது. சிமென்ட் சாலை வாங்கிய சூட்டை ஒரு மணி நேரமாவது வெளியே விடும். புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து வரை எண்ணுங்கள். எண்ணி முடிக்க முடியாவிட்டால் வெறுங்காலோடு விடாதீர்கள். கத்திரி வெயில் நாட்களில் காலை 6 முதல் 8 மணிதான் நல்ல நேரம். விடுமுறையில் பிள்ளைகள் எட்டு மணி வரை தூங்கினால் அந்த நேரம் வீணாகிவிடுகிறது.

மழைக்காலத்தில் பிரச்சினை வேறு. மே கடைசியில் சூரியன் மறைவது ஆறரை மணி. நவம்பர் கடைசியில் 5.45-க்கு முன்பே மறைந்துவிடும். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து, பால் குடித்து, உடை மாற்றுவதற்குள் இருட்டிவிடும். அந்த மாதங்களில் டியூஷனை ஏழு மணிக்குத் தள்ளி, பையைப் போட்டதும் நேராகத் தெருவுக்கு அனுப்புங்கள்.

எங்கள் சந்து எட்டடிதான் இருக்கும். இங்கே என்ன விளையாட முடியும்?

கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, கஸ்பா பக்கத்துச் சந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைகள் இடத்துக்குத் தகுந்தபடி சட்டத்தை மாற்றிக்கொள்கிறார்கள். சுவரில் கரிக்கோடு போட்டால் ஸ்டம்ப். கையைச் சுற்றாமல் கீழிருந்து உருட்டிப் போடுவதுதான் பந்துவீச்சு. பந்து நேராக எவர் வீட்டுக்குள் போனாலும் அவுட். சாக்கடையில் விழுந்தால் அவுட், அடித்தவனே எடுத்து வர வேண்டும். ஒரு பிட்ச் குத்தி எழும் பந்தை ஒற்றைக் கையில் பிடித்தாலும் அவுட். மூன்றாவது வீட்டுத் தாத்தா தூங்கும் நேரத்தில் அந்தப் பக்கம் அடிக்கவே கூடாது. இந்தச் சட்டங்களில் ஒவ்வொன்றும் ஒரு சுவரோ கால்வாயோ கோபக்காரப் பக்கத்துவீட்டுக்காரரோ எழுதிக்கொடுத்தது. பெரியவர்கள் தலையிட்டு "ஒழுங்கான கிரிக்கெட்" ஆடச் சொல்ல வேண்டாம். அந்தச் சந்துக்கு அதுதான் ஒழுங்கு.

கார்க் பந்து மட்டும் வேண்டவே வேண்டாம். ஜன்னல் உடைவது இருக்கட்டும், நெஞ்சிலோ கண்ணிலோ பட்டால் ஆபத்து. ரப்பர் பந்து போதும். மூன்று வயதுத் தம்பி தங்கைகள் கூட நின்றால் ஸ்பாஞ்சுப் பந்து.

பந்து சாக்கடையில் விழுந்துவிடுகிறது. பிள்ளைகள் கையை விட்டு எடுக்கிறார்கள்.

சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் காலில் சிராய்ப்போடு சாக்கடை நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு. ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றின் மேல்பாதியை வெட்டி எறியுங்கள். அடிப்பகுதியில் விரல் அளவுக்கு ஏழெட்டு ஓட்டை போடுங்கள். ஆறடிக் கழியின் நுனியில் கட்டுக்கம்பியால் இரண்டு இடத்தில் இறுக்குங்கள். ஒரே இடத்தில் கட்டினால் பந்தின் கனத்தில் கேன் சுழன்று கவிழ்ந்துவிடும். இதைத் தெருமுனையில் ஒரு வீட்டில் சாத்தி வைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும். எடுத்த பந்தை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவையுங்கள்.

கால்வாய்ப் பலகைக்கல்லை நெம்பித் தூக்கவோ பாதாளச் சாக்கடை மூடியைத் திறக்கவோ எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள். கல் நழுவினால் விரல் போகும். பாதாளச் சாக்கடைக்குள் தேங்கும் விஷவாயு உயிரை எடுக்கும். அந்தப் பந்து போனால் போகட்டும்.

கோலி, பம்பரம், கில்லி எல்லாம் ஏன் காணாமல் போயின?

போன் வந்ததால் என்று எல்லோரும் சொல்கிறோம். பாதிதான் உண்மை. தரை மாறியதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கோலிக்குக் குழி வேண்டும், குழிக்கு மண் வேண்டும். சிமென்ட் போட்ட தெருவில் குழி பறிக்க முடியாது. பம்பரத்தின் ஆணி இறுகிய மண்ணில் குத்தி நிற்கும். பேவர் பிளாக் இடுக்கில் மாட்டித் துள்ளும். கில்லிக்கு முன்னால் முப்பது மீட்டராவது வெற்றிடம் தேவை, இரண்டு பக்கமும் வண்டி நிறுத்திய தெருவில் அது கிடையாது. நொண்டிக்குக் கட்டமும் ஒரு சில்லும் போதும், சிமென்டில் சாக்பீஸ் கோடு மண்ணைவிட நன்றாகவே விழும். அதனால் அது தப்பித்துவிட்டது. ஏழு கல்லும் ஐஸ்பாயும்கூடத் தப்பித்தன.

கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம் ஊர்களில் பனை நிற்கும் இடங்களில் கோடையில் நுங்கு வண்டி இன்னும் ஓடுகிறது. பனை வெட்டப்பட்ட ஊரில் அந்தப் பொம்மையும் சேர்ந்து போய்விட்டது.

கோலியைத் திரும்பக் கொண்டுவர ஆசையிருந்தால் மூன்றடிக்கு மூன்றடி மண் போதும். வேப்பமரத்தடியில் சிமென்ட் பூசாமல் விட்ட வட்டத்திலேயே ஆடலாம்.

வீடு நெடுஞ்சாலைக்கு அருகே இருக்கிறது. எதிர்ப்பக்கம் மைதானம் இருந்தும் அனுப்பப் பயம்.

பயம் நியாயமானது. சத்துவாச்சாரியை சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை வெட்டிக்கொண்டு போகிறது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அது கரைபுரண்ட ஆறு. வரைபடத்தில் 150 மீட்டரில் இருக்கும் மைதானம் அவர்களுக்கு வேறு ஊர். சர்வீஸ் ரோடு அதைவிட ஆபத்து. எதிர்த்திசையில் வரும் பைக்கைப் பிள்ளை எதிர்பார்ப்பதில்லை.

பத்து வயதுக்கு உட்பட்டவர்களைத் தனியாக அனுப்பவே வேண்டாம். ஐந்தாறு வீடுகள் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள்: வாரத்துக்கு ஒருவர் கூட்டிப்போய், ஒருவர் கூட்டிவருவது. சுரங்கப்பாதை இருந்தால் தூரம் கூடினாலும் அதிலேயே போகட்டும். விளக்கு எரியவில்லையென்றால் மாநகராட்சியில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். எண் இல்லாத புகார் காற்றோடு போய்விடும்.

எங்கள் நகரில் பார்க் என்று பலகை இருக்கிறது, பார்க் இல்லை. யாரைக் கேட்பது?

இதற்குச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல் (சுமார் இரண்டரை ஏக்கர்) மனைப்பிரிவு போட்டால், சாலை நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் பணம் கட்ட வழியுண்டு. அதனால்தான் சின்ன நகர்களில் பார்க்கே இருப்பதில்லை.

செய்ய வேண்டியது இது. உங்கள் வீட்டுப் பத்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு எண் இருக்கும். அதைக் குறிப்பிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சி அல்லது ஊராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். மூன்றே கேள்வி: அங்கீகரித்த வரைபடத்தின் நகல், திறந்தவெளிக்கான தானப்பத்திர நகல், அந்த இடத்தின் தற்போதைய நிலை. 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் பார்க் கட்டவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் தர வேண்டியதில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேட்டால் தந்தாக வேண்டும்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூடும். வரைபட நகலோடு போய்த் தீர்மானமாக எழுதவையுங்கள்.

இடம் கிடைத்ததும் ஊஞ்சல், சறுக்குமரம் வாங்க அவசரப்படாதீர்கள். இரும்புச் சறுக்குமரம் வேலூர் மே மாதத்தில் தொடையைச் சுட்டுவிடும். முதலில் மரம். புங்கன் சீக்கிரம் நிழல் தரும். இரண்டடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, ஐந்தடிக்குக் குறையாத கன்றை நட்டு, ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் கூண்டு வையுங்கள். மேலே மின்கம்பி இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், கிளையை மொட்டையடித்துப் போய்விடுவார்கள். மீதி இடத்தில் கபடிக்கு 13-க்கு 10 மீட்டர், ஷட்டிலுக்கு 13.4-க்கு 6.1 மீட்டர், கைப்பந்துக்கு 18-க்கு 9 மீட்டர் வேண்டும். அளந்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பெண் பிள்ளை ஆறாம் வகுப்பு வந்ததும் வெளியே போவதை நிறுத்திவிட்டாள்.

அவள் நிறுத்தவில்லை, நாம் நிறுத்தினோம். இதைச் சொல்லாமல் பதிலை ஆரம்பிக்க முடியாது. ஆண் பிள்ளைக்கு மைதானம் வரைக்கும் அனுமதி, பெண் பிள்ளைக்கு வாசற்படி வரைக்கும். கூடவே தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவளுக்குத்தான்.

காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் சரிசெய்யலாம். மைதான ஓரத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆண்கள், எரியாத விளக்கு, கழிப்பறை இல்லாதது, கூட இன்னொரு பெண் இல்லாதது. கடைசியானதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. இரண்டு பேர் போனால் கூச்சம், எட்டுப் பேர் போனால் அது அவர்கள் இடம். அதனால் ஒரே நேரத்தை முடிவு செய்யுங்கள், உதாரணமாகத் திங்கள், புதன், வெள்ளி 5 முதல் 6. அம்மாக்களில் இரண்டு பேர் அதே நேரத்தில் அங்கே நடைப்பயிற்சி போகட்டும். அரசுப் பள்ளி மைதானம் பக்கத்தில் இருந்தால் தலைமையாசிரியரிடம், பள்ளி மேலாண்மைக் குழு வழியாக, பள்ளி விட்ட பின் ஒரு மணி நேரம் திறந்துவிடக் கேளுங்கள். அங்கே கழிப்பறை, சுற்றுச்சுவர் இரண்டும் இருக்கும். சாவி யாரிடம், பூட்டுவது யார், அடிபட்டால் யாருக்குப் போன் செய்வது என்று எழுதிக்கொடுத்தால் சம்மதம் கிடைப்பது எளிது. பொதுவாகக் காரியம் கெட்டுப்போவது சாவி விஷயத்தில்தான்.

கோகோ, த்ரோபால், ரிங் நல்ல தொடக்கம். கபடியும்தான்.

பாலாற்றில், கிணற்றில், கல்குவாரியில் குளிக்கப் போகிறார்கள்.

காய்ந்த பாலாற்று மணல் நல்ல விளையாட்டு இடம். விழுந்தால் அடிபடாது, ஓடினால் கால் உறுதிப்படும். ஆபத்து தண்ணீர் வந்த பிறகு. மணல் அள்ளிய பள்ளங்கள் நீர் நிறைந்ததும் மேலே பார்க்கச் சமமாகத் தெரியும். முழங்கால் அளவு தண்ணீரில் நடந்துபோகும் பிள்ளை அடுத்த அடியில் தலைக்கு மேல் மூழ்கும், கரை மணலும் சரியும். 2021 நவம்பர் வெள்ளம்போல ஆறு பெருகும் வருடத்தில் பழைய பள்ளமும் இடம் மாறியிருக்கும். போன வருடம் பழகிய இடம் என்று நம்ப முடியாது.

கல்குவாரிக் குட்டை இதைவிட மோசம். சாய்வான கரையே இல்லை, ஏறிவரப் பிடிமானம் கிடையாது. அங்கே விதிவிலக்கு வேண்டாம், போகவே கூடாது.

நீச்சல் தெரியாத ஊர்ப்பிள்ளைக்குத் தடை மட்டும் போட்டால் திருட்டுத்தனமாகப் போகும். படிக்கட்டு உள்ள கிணற்றில், நீச்சல் தெரிந்த பெரியவர் இறங்கி நிற்க, இடுப்பில் கயிறும் முதுகில் மூடி இறுக்கிய வெறும் ஐந்து லிட்டர் கேனும் கட்டிப் பழக்குங்கள். யாராவது மூழ்கினால் குதிக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். துப்பட்டா, வேட்டி, கயிறு, காலிக் கேன் எதையாவது வீசிக் கத்த வேண்டும், 108-க்கு அழைக்க வேண்டும். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து அடுத்தடுத்துப் பிள்ளைகள் போவதுதான் நம் மாவட்டச் செய்திகளில் தீராத துயரம்.

தோல் தொழிற்சாலை, ரசாயன ஆலைப் பக்கத்தில் வீடு. மண்ணில் விளையாடவிடலாமா?

ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுமேடு பல ஆண்டுகளாக நிலத்தடி நீரைக் கெடுத்துவந்தது ஊரறிந்தது. மண்ணோ தேங்கிய நீரோ மஞ்சளாகத் தெரிந்தால் அந்த இடம் வேண்டாம். மற்றபடி செருப்போடு விளையாடுவது, வந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவிய பிறகே சாப்பிடுவது, நகத்தை ஒட்ட வெட்டுவது. சந்தேகமான தெருவில் மண் விளையாட்டுக்குப் பதில் கயிறு தாண்டுதல், ஷட்டில்.

வீட்டில் பீடி சுற்றுபவர்கள் முறம் வைக்கும் மூலையையும் பிள்ளை உட்காரும் மூலையையும் பிரித்து வையுங்கள். தூளைத் துடைப்பத்தால் கூட்டினால் காற்றில் கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள்.

தெருநாய்கள்?

நாய் துரத்தினால் ஓடாமல், கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல் நிற்கப் பழக்குங்கள். கடித்தாலும் பல் கீறினாலும் ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. பயத்தில் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. "நாய் கடித்தால் திட்டமாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மொட்டை மாடி போதுமா?

சுற்றுச்சுவர் நாலடி உயரம் இருந்தால், கையெட்டும் தூரத்தில் மின்கம்பி இல்லாமல் இருந்தால், ஆறு மணிக்கு மேல் கயிறு தாண்டவும் நொண்டி ஆடவும் போதும். பட்டம் மட்டும் மாடியில் வேண்டாம். அண்ணாந்து பார்த்தபடி பின்னால் நடப்பதுதான் அந்த விளையாட்டு. சுவரோரம் பழைய நாற்காலி, டிரம் கிடந்தால் எடுத்துவிடுங்கள். ஏறி நிற்பதற்கு அதுவே படி.

பணம் கட்டி விளையாட்டுப் பயிற்சிக்கு அனுப்பினால் போதாதா?

நல்லதுதான், ஆனால் அதையும் அக்கம்பக்கம்தான் தீர்மானிக்கிறது. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பளுதூக்குதல் தொலைக்காட்சியில் பார்க்கும் விளையாட்டு அல்ல, தெரிந்த அண்ணன் செய்வது. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டையில் பையன்கள் விடியற்காலையில் ஓடுவதும் அப்படித்தான். 1600 மீட்டர் ஓட்டம் என்றால் என்ன என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆகவே எங்கோ பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் பெரிய அகாடமிக்கு முன்னால், நடந்துபோகும் தூரத்தில் உங்கள் தெருப் பிள்ளைகள் போகும் சிலம்பமோ கபடியோ இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியில் கொண்டுபோய் விட வேண்டிய பயிற்சி அப்பாவுக்கு ஷிப்ட் மாறியதும் நின்றுவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விளையாட வேண்டும்?

ஐந்து முதல் பதினேழு வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகல் வெளிச்சத்தில் சுமார் இரண்டு மணி நேரம் வெளியே இருப்பது கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவுகிறது. ஒரே மூச்சில் வேண்டியதில்லை. பள்ளிக்கு நடந்துபோகும் இருபது நிமிடம், இடைவேளை, மாலை ஒரு மணி நேரம், கடைக்குப் போய்வருவது எல்லாம் கணக்கில் சேரும். பால் வாங்க, தயிர் வாங்க அனுப்புங்கள். தெருவைப் பழகுவதும் அப்படித்தான்.